பரம்பரை என்பது என்ன? நம் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்வது?

(இரவுப் பள்ளிகளில் பாடம் சொல்லும் தோழர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



மில்லில் ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்திருக்கிறீர்கள். வயலிலிருந்து கால் சேற்றோடு வந்தவர்களும் இருக்கிறீர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் நம் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தருகிறீர்கள்.

இன்று நாம் பேச வந்தது ஒரு பாடத்தைப் பற்றி. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது வருகிறது, எப்படி வருகிறது என்ற பாடம். கூலி உயர்வு பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். எதற்கு என்று சொல்கிறோம், கேளுங்கள்.

நாங்கள் நடத்திய ஓர் இரவுப் பள்ளியில் இந்தப் பாடம் நடந்தது. "நாக்கைக் குழல் போலச் சுருட்டிப் பாருங்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ முடிந்தால்தான் உங்களுக்கும் முடியும்" என்று சொல்லிக் கொடுத்தோம். நாங்கள் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள். புத்தகத்தில் கண்டதை அப்படியே நம்பினோம். ஒரு பையன் வீட்டுக்குப் போய் அம்மாவையும் அப்பாவையும் நாக்கைச் சுருட்டச் சொன்னான். இருவருக்கும் முடியவில்லை. அவனுக்கு முடிகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவன் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தையில் அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. நான்காம் நாள் அந்தத் தாய், நூற்புக் கட்டில் வேலை செய்கிறவர், பள்ளி வாசலில் வந்து நின்றார். "படிப்புச் சொல்லித் தருகிறோம் என்று என் மானத்தை வாங்கிவிட்டீர்களே தம்பி!" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

பிறகுதான் தேடிப் படித்தோம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு நாக்கு சுருளும், மற்றவருக்குச் சுருளாது என்று 1952-லேயே காட்டப்பட்டிருக்கிறது. அதை வைத்துத் தகப்பனைக் கண்டுபிடிப்பது கிளி ஜோசியத்துக்குச் சமானம். அந்த வீட்டுக்குப் போனோம். கணவரை உட்கார வைத்து, "அண்ணே, தவறு எங்களுடையது, அக்காவுடையது அல்ல" என்று சொல்லி, ஏன் என்றும் விளக்கினோம். வீடு அமைதியடைந்தது. ஆனால் பாடம் எங்களுக்குத்தான் கிடைத்தது. அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்த விஞ்ஞானம் மூடநம்பிக்கையைவிடக் கொடியது.

ஆகவே முழுதாகத் தெரிந்துகொள்வோம்.

"எல்லாம் ரத்தத்தில் வருகிறது" என்பது பழைய பேச்சு. பாலும் டிக்காஷனும் போலத் தாயின் ரத்தமும் தகப்பனின் ரத்தமும் கலந்துவிடுகின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். இதை உடைத்தவர் கிரிகோர் மெண்டல். 1822-ல் இன்றைய செக் நாட்டுப் பகுதியில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. வெட்டி வேலை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி உழைக்கும்போது மரம் விழுந்து அவர் படுகாயமடைந்தார். மகனின் படிப்புக்குத் தங்கை தன் சீதனத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாள். பசிக் கவலை இல்லாமல் படிக்க வேறு வழி இல்லாததால் 1843-ல் புருன் நகரத்து மடத்தில் சேர்ந்தார் மெண்டல்.

அந்த மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வைத்து ஆராய்ந்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் இணைத்தார். கலப்பது உண்மையென்றால் நடுத்தர உயரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனையும் நெட்டை! குட்டை ஒழிந்ததா? இல்லை. அந்த நெட்டைகளின் விதையை மறுபடி போட்டபோது 787 நெட்டையும் 277 குட்டையும் முளைத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஒரு தலைமுறை முழுதும் ஒளிந்திருந்த குட்டை, பேரப் பிள்ளைகளில் அப்படியே வெளிவந்தது. ஆகவே குணம் கலந்து கரைவதில்லை. தனித்தனித் துணுக்காக, முழுசாக இறங்குகிறது. இந்தத் துணுக்குக்குத்தான் பிற்காலத்தில் ஜீன் என்று பெயர் வந்தது.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? கரும்பலகையில் கட்டம் போட்டால் தூங்கிவிடுவார்கள். இரண்டு காசுகளை எடுங்கள். ஒன்று தாய், ஒன்று தகப்பன். ஒவ்வொரு குணத்துக்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டு துணுக்குகள் உண்டு, காசுக்கு இரண்டு பக்கம் இருப்பதைப் போல. பிள்ளைக்குக் கிடைப்பது ஆளுக்கு ஒன்றுதான். பூ என்றால் நெட்டை, தலை என்றால் குட்டை. ஒரு பூ விழுந்தாலும் செடி நெட்டை. இரண்டும் தலை விழுந்தால்தான் குட்டை. பிள்ளைகளையே இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து எண்பது தடவை சுண்டச் சொல்லுங்கள், எண்ணி எழுதச் சொல்லுங்கள். இரண்டும் தலை என்பது இருபதுக்குப் பக்கத்தில் வரும். பெரும்பாலும் சரியாக இருபது வராது. "ஏன் வரவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விதான் பாடம். நாலு பிள்ளை பெற்றால் கட்டாயம் ஒன்று அப்படி என்பதல்ல. ஒவ்வொரு பிறப்பும் புதிதாகச் சுண்டிய காசு.

விவசாயத் தோழர்களுக்கு இன்னொரு சாட்சி உண்டு. ஐ.ஆர்.8 நெல்லை அறியாதவர் யார்? அதற்கு முந்திய நெட்டைப் பயிருக்கு உரம் கூடப் போட்டால் கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1962-ல் இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பீட்டாவையும் தைவானின் ஒரு குட்டை ரகத்தையும் இணைத்தார்கள். முதல் தலைமுறை முழுதும் நெட்டை. வேறொருவன் என்றால் கைவிட்டிருப்பான். மெண்டலைப் படித்தவர்கள் கைவிடவில்லை. இரண்டாம் தலைமுறையில் காலே அரைக்கால் வேண்டாம், நாலில் ஒன்று குட்டையாக நின்றது! அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1966-ல் வெளியிட்டார்கள். அந்த நெல்லின் லாபம் யார் களஞ்சியத்துக்குப் போனது, உரக் கடன் யார் தலையில் விழுந்தது என்பது வேறு கூட்டத்துக்கான பேச்சு. பட்டாணியின் கணக்கும் நெல்லின் கணக்கும் ஒன்றே என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

மனிதருக்கு வருவோம். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். உயரம், நிறம் போன்றவை ஒரு ஜீனின் வேலையல்ல. பல ஜீன்கள் சேர்ந்து நடத்துவது. உயரத்தில் சோறும் பாலும் நோயும்கூடச் சேருகின்றன. பசியால் வளர்ச்சி குன்றிய பிள்ளையைக் காட்டி "அது பரம்பரை" என்று யாராவது சொன்னால், அவன் பானையை மூடி மறைக்கிறான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் அடித்துச் சொல்லுங்கள். பிறப்பது பெண்ணா ஆணா என்பது தாயின் காசில் இல்லை. தாயிடம் எக்ஸ், எக்ஸ் என்று இரண்டும் ஒரே மாதிரி. தகப்பனிடம் எக்ஸ், ஒய் என்று இரண்டு விதம். அவன் காசில் ஒய் விழுந்தால் ஆண், எக்ஸ் விழுந்தால் பெண். இதை 1905-ல் வண்டுப் பூச்சிகளில் கண்டு காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஒரு தச்சரின் மகள். அதே ஆண்டில் வில்சன் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். மூன்றாவதும் பெண் என்று மருமகளைச் சுடுசொல் சொல்லும் மாமியார்களும், இரண்டாம் தாரம் தேடும் மாப்பிள்ளைகளும் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். பழி போட்டே ஆகவேண்டுமானால் காசு தகப்பனுடையது. ஆனால் அவனும் விரும்பிச் சுண்டவில்லை. பழிக்கே இங்கே இடமில்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்வது பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். மறைக்காதீர்கள், பயமுறுத்தவும் வேண்டாம். சில நோய்த் துணுக்குகள் குட்டைத் துணுக்கைப் போல ஒளிந்திருக்கும். ஒன்று மட்டும் இருந்தால் ஆளுக்கு நோய் தெரியாது. இரண்டு சேர்ந்தால் வெளிவரும். மாமனும் அக்காள் மகளும் ஒரே தாத்தா பாட்டி வழியில் அதே துணுக்கைப் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் ஆபத்து கூடுகிறது. அந்த வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை இருந்தால், கல்யாணத்துக்கு முன் டாக்டரிடம் கேட்பது விவேகம்.

இனி, இறங்காதவை. எத்தனை தலைமுறையாக நம் பெண்களுக்குக் காது குத்துகிறோம்? எந்தக் குழந்தையாவது காதில் துளையோடு பிறந்ததா? நம் கையில் காய்த்த காப்பு பிள்ளைக்கு இறங்காது. பஞ்சுத் தூசியால் வந்த இருமல் விந்திலும் கருவிலும் ஏறாது. மகனுக்கும் அதே இருமல் வந்தால், அவனும் அதே தூசியில் நிற்கிறான் என்று அர்த்தம். வாழ்க்கையில் அடைந்தது ஜீனில் எழுதப்படுவதில்லை.

தோழர்களே, இதை நம்மவர்களே ஒருகாலத்தில் மறுத்தார்கள். அதை ஒளித்தால் நாம் நேர்மையானவர்கள் அல்ல. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர், சூழ்நிலையால் பயிர் அடையும் மாற்றம் விதையில் இறங்கும் என்றார். அதிகாரம் அவர் பக்கம் நின்றது. மெண்டல் மடத்துச் சாமியார், அவர் சொன்னது முதலாளித்துவ விஞ்ஞானம் என்று ஏசினார்கள். உலகெங்கும் அலைந்து விதை சேர்த்த மாமேதை வாவிலோவ் 1940-ல் கைது செய்யப்பட்டு, 1943-ல் சாரத்தோவ் சிறையில் மாண்டார். அவருடைய நிலையத்துத் தோழர்களோ, லெனின்கிராட் முற்றுகையின்போது நெல் மூட்டைகளுக்கும் கோதுமை மூட்டைகளுக்கும் நடுவே இருந்துகொண்டு, வருங்கால விதைப்புக்கென்று அவற்றில் ஒரு பிடியும் தொடாமல் பட்டினியால் பலர் உயிர்விட்டார்கள். 1948-ல் மெண்டலின் பாடமே அங்கே பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டது. 1955-ல் வாவிலோவ் மீதிருந்த குற்றம் நீங்கியது. 1965-ல் லைசென்கோ மரபியல் நிலையத் தலைமைப் பதவியை இழந்தார். இடையில் நஷ்டப்பட்டது உழவர் நாடு. சாமியார் சொன்னார் என்பதற்காகப் பட்டாணி பொய் சொல்லாது. தோழர் சொன்னார் என்பதற்காகக் கோதுமை மெய்யாக்காது. எண்ணிப் பார்த்தவன் சொல்வதே விஞ்ஞானம்.

கடைசியாக, எல்லாப் பிள்ளைகளும் மனதில் வைத்திருக்கிற கேள்வி ஒன்று உண்டு. "பண்ணையாள் மகன் பண்ணையாள்தானே? அது பிறப்பிலேயே வருவதுதானே?" இதைக் கேட்க அவர்களுக்கு வாய் வராது. நீங்களே எடுத்துக் கேளுங்கள், நீங்களே பதிலும் சொல்லுங்கள். எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் அவர்களுடைய பரம்பரை எழுத்தில் ஆயிரத்துக்குச் சுமார் 999 பங்கு ஒன்றே. ஜாதிக்கு அதில் எழுத்தில்லை. தொழிலுக்கு எழுத்தில்லை. கடனுக்கு எழுத்தில்லை. பண்ணையார் மகனுக்கு நிலம் இறங்குவது பத்திரத்தில், ஜீனில் அல்ல. நம் பிள்ளைக்குக் கூலி வேலை இறங்குவதும் அப்படித்தான். விதியில் எழுதியதை மாற்ற முடியாது என்பார்கள். மனிதன் எழுதியதை மனிதன் மாற்றலாம்.

அந்தத் தாயின் மகன் இப்போதும் நம் பள்ளிக்கு வருகிறான். போன மாதம் அவனே இரண்டு காசுகளைச் சுண்டிச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா வாசலில் நின்று பார்த்தார். இந்தத் தடவை கோபம் இல்லை. "இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும், தோழர்களே. இனிச் சொல்வோம். நாளை இரவு உங்கள் பள்ளிக்குப் போகும்போது மறக்காமல் இரண்டு காசுகளை மடியில் முடிந்துகொண்டு போங்கள்.