கொசுவை வென்ற அறிவு
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலேரியாக் காய்ச்சல் கெட்ட காற்றால் வருவதென்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர், கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டார். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார்; காய்ச்சல் தணிந்தது.

வழி காட்டியவர் அறிஞர்; வடிகால் வெட்டியது தொழிலாளியின் மண்வெட்டி. ஏட்டிலுள்ள அறிவு மட்டும் உயிர் காக்காது. அவ்வறிவு எட்டாத தோட்டங்களில் பிறகும் நம்மவர் பலர் மடிந்தனர்.

இன்று டிங்கிக் காய்ச்சல் அச்சுறுத்துகிறது. வெட்டு நிறுத்திய மரங்களின் மங்குகளைக் கவிழ்த்து வைப்பது நம் கடமை. லயத்து வடிகாலைச் செப்பனிடுவது நிர்வாகத்தின் கடமை. முன்னதை நாமே செய்வோம். பின்னதைச் சங்கத்தின் வழி கேட்டுப் பெறுவோம்!