ஒரு மொழி, ஒரு ஆடு, ஒரு கதை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் ஒரு புத்தகப் பைத்தியம். யூத எழுத்தாளர்களின் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பவன். அதிலே ஒன்றைச் சொல்லட்டுமா?

கிழக்கு ஐரோப்பாவில் ஒரு கிராமம். ஹனுக்கா பண்டிகை வருகிறது, வீட்டில் காசில்லை. ஆட்டைக் கசாப்புக்காரரிடம் விற்று வரும்படி அப்பா சொல்ல, 12 வயது ஆரோன் புறப்படுகிறான். வழியில் பனிப்புயல்! வைக்கோல்போரைக் குடைந்து இருவரும் உள்ளே புகுந்துகொள்கிறார்கள். மூன்று நாள் ஆடு வைக்கோலைத் தின்ன, பையன் அதன் பாலைக் குடிக்கிறான். அதன் உடற்சூடுதான் அவனுக்குப் போர்வை. அது பேசுவது ‘மே’ என்ற ஒரே சொல். அதிலேயே அத்தனை அன்பு! பிறகு அதை விற்க மனம் வருமா, சொல்லுங்கள்?

எழுதியவர் ஐசக் பஷெவிஸ் சிங்கர். போலந்தில் பிறந்து, 1935இல் அமெரிக்கா சென்றவர். எழுதியதோ இத்திஷ் மொழியில். நாஜிகள் கொன்றுபோட்ட 60 இலட்சம் யூதர்களில் பெரும்பாலோரின் தாய்மொழி அது. சாகிற மொழியில் ஏன் எழுதுகிறீர் என்று பலர் கேட்டும் அவர் விடவில்லை. நியூயார்க்கில் இத்திஷ் பத்திரிகையிலேயே எழுதினார். 1978இல் நோபல் பரிசு கிடைத்தபோது, மேடையிலும் இத்திஷ் பேசினார்.

அழிக்கப்பட்ட அந்த ஊர்களின் மக்கள் அவர் கதைகளில் இன்னும் நடமாடுகிறார்கள்.

செல்வங்களே, இன்று வாங்கும் புத்தகத்தை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். இராத்திரி பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். மொழி பிழைப்பது அப்படித்தான்.