எதிரணியின் மேல்முறையீடு



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. நாம் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச எழுந்திருப்பது கண்டு சிலர் புன்னகை புரியலாம். ஆயினும் பாலக்காட்டு வயல்வெளிகளில் நடைபெறும் எழுவர் ஆட்டத்தையும், மூணாற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அணிகள் பின்லே கேடயத்துக்காக மோதும் ஆட்டத்தையும் கண்டு களிக்காதவர் இவ்வவையில் எத்தனை பேர்? தமிழரும் மலையாளிகளும் தோளோடு தோள் நின்று கூவும் இடம் அது. ஆகவே அதைப் பற்றிய ஒரு நியாயத்தை ஆராய்வது இச்சங்கத்துக்குப் புறம்பானதன்று.

அண்மையில் நண்பர்களிடையே ஒரு வாதம் எழுந்தது. எதிரணி ஒன்று கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் நிலையில் மேல்முறையீடு செய்கிறது. அம்முறையீடு வெல்ல வேண்டுமென்று நாம் விரும்பலாமா, அன்றித் தோற்க வேண்டுமென்று விரும்பலாமா? “விதி விதிதான், வீழட்டும்” என்றது ஒரு கட்சி. “எதிரி இல்லாத களத்தில் வெற்றிக்கு என்ன சுவை?” என்றது மறு கட்சி. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க, நம் நாட்டிலேயே நடந்த ஒரு வழக்கு உதவும்.

2012 டிசம்பர் 9. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஐ-லீக் போட்டியில் மோதின. முன்னது 1889-லும் பின்னது 1920-லும் தோன்றியவை. பரம்பரைப் பகைமை என்றே சொல்லலாம். முதற் பாதியின் இறுதியில் ஈஸ்ட் பெங்காலின் ஹர்மன்ஜோத் கப்ரா கோல் அடித்தார். மோகன் பகானின் ஒடாபா ஒகோலி சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். அரங்கில் கலவரம் மூண்டது. பறந்து வந்த கல் ஒன்று மோகன் பகான் ஆட்டக்காரர் ரஹீம் நபியின் முகத்தைத் தாக்கியது. இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களமிறங்க மறுத்தது.

அகில இந்தியக் கால்பந்தாட்டச் சம்மேளனம் விசாரணை நடத்திற்று. அந்த மாத இறுதியிலேயே இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்த ஒரு கழகம் முதற் பிரிவினின்றும் அகற்றப்படும் நிலை! கழகம் முறையிட்டது. 2013 ஜனவரி 15-ல் சம்மேளனத்தின் நிர்வாகக் குழு தடையை நீக்கியது. ஆனால் சும்மா விடவில்லை. 2 கோடி ரூபாய் அபராதம். அதுவரை ஈட்டிய புள்ளிகள் யாவும் பறிப்பு. சுழியத்திலிருந்து தொடங்கிய மோகன் பகான் அப்பருவத்தில் கீழிறங்காமல் தப்பியது. 2015 மே 31-ல் பெங்களூரில் சமநிலை கண்டு, அதே ஐ-லீக் பட்டத்தையும் வென்றது.

இந்த மன்னிப்பு நியாயந்தானா? நாம் ரெயில்வே குமாஸ்தாக்கள். சட்டம் படித்தவர்களல்லோம். எனினும் மேல்முறையீடு என்பது நமக்குப் பழகிய சொல். 1968-ஆம் ஆண்டின் ரெயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி, தண்டனை பெற்ற ஊழியர் 45 நாட்களுக்குள் மேலதிகாரியிடம் முறையிடலாம். தண்டனைகளின் வரிசையில் கீழ்நிலைக்கு இறக்குவதும் ஒன்று. கால்பந்தாட்டக் கழகம் கீழ்ப்பிரிவுக்குப் போவதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. முறையீட்டை ஆராயும் அதிகாரி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: விசாரணை முறைப்படி நடந்ததா? முடிவுக்குச் சான்று உண்டா? தண்டனை குற்றத்துக்கு ஏற்ற அளவினதா? மனுச் செய்தவர் நண்பரா, வேண்டாதவரா என்ற நான்காவது கேள்வி அங்கே இல்லை.

முதற் கேள்வியின் அருமையை இடுக்கி எல்லையில் வாழ்வோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குமுளிக்கு மேலே மங்கலதேவி கோட்டம் நிற்கிறது. தீர விசாரியாமல் தண்டித்த பின்னர் வந்த முறையீடு என்ன விளைத்தது என்பதைச் சித்திரைப் பௌர்ணமிதோறும் நினைவுகூர்பவர்கள் நாம்.

இரண்டாவது கேள்வி சான்று பற்றியது. களமிறங்க மறுத்தது கண்கூடு. ஆயின் கல்லும் பொய்யன்று. நபியின் காயமும் பொய்யன்று. 1980 ஆகஸ்டு 16-ல் ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் மாண்டனர். அந்நகரத்தார் கூட்டத்துக்கு அஞ்சுவதில் பொருள் உண்டு. குற்றம் குற்றமே என்று சொல்லும்போதே, அச்சம் அச்சமே என்றும் ஒப்ப வேண்டும்.

மூன்றாவது கேள்வியே முக்கியமானது. கல்லெறியாத ஆட்டக்காரரும், மைதானப் பணியாளரும், மறுத்த முடிவில் பங்கில்லாத இளைஞரும் இரண்டாண்டுத் தடையால் பிழைப்பை இழப்பர். ஆகவே அளவைக் குறைத்தது தகும் என்பதே நம் கருத்து. இங்கிலாந்திலும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. இழப்பு வரம்பை மீறியதற்காக எவர்ட்டன் கழகத்துக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. அது முறையிட்டது. 9 காரணங்களில் 2 மட்டுமே ஏற்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் தண்டனை 6 புள்ளிகளாயிற்று. ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணம் எழுதி வெளியிட்டார்கள்.

கொல்கத்தா வழக்கில் நமக்குள்ள குறை இங்கேதான். தடையை நீக்கியது தனித்த நீதிக் குழுவன்று, நிர்வாகக் குழு. திரண்ட ஆதரவாளர் இல்லாத ஒரு சிறு கழகம் இதே பிழையைச் செய்திருப்பின், இதே கருணை கிடைத்திருக்குமா என்று எவரேனும் கேட்டால் விடை சொல்வது கடினம். லீக் என்பது இரண்டு பெருங்கழகங்களின் சொத்தன்று. 1958-ல் நம்மைப் போன்ற ரெயில்வேக்காரர்களின் அணியான கிழக்கு ரெயில்வே, பி. கே. பானர்ஜியை முன்னிறுத்திக் கல்கத்தா லீக் பட்டத்தைப் பெருங்கழகங்களிடமிருந்து பறித்ததை நாம் மறக்கலாகாது. பெரியவர்க்குக் கிடைக்கும் மன்னிப்புச் சிறியவர்க்கும் கிடைக்குமானால் மட்டுமே அதற்கு நீதி என்று பெயர்.

முறையீடு தோற்றால்? ஸ்காட்லாந்தில் 2020-ல் பெருந்தொற்றால் பருவம் இடையில் நிறுத்தப்பட்டது. 8 ஆட்டங்கள் எஞ்சியிருக்கையிலேயே, கடைசி இடத்திலிருந்த ஹார்ட்ஸ் கழகம் கீழே இறக்கப்பட்டது. அது நடுவர் மன்றத்தை நாடியது, முறையீடு தள்ளுபடியாயிற்று. தீர்ப்பை ஏற்றுக் கீழ்ப்பிரிவில் ஆடி, அடுத்த பருவத்திலேயே முதலிடம் பெற்று மீண்டது. கீழிறங்குதல் மரணமன்று.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2023 மார்ச் 3-ல் பெங்களூரில் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக் கோலானதும், நம்மில் பலர் நெஞ்சில் வைத்துப் போற்றும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி களத்தை விட்டு வெளியேறியது. 4 கோடி ரூபாய் அபராதம். பயிற்சியாளர் இவான் வுக்கொமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை. ஜூன் மாதம் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. மோகன் பகானுக்கு விதியே பெரிதென்று வாதிட்ட வாய், பிளாஸ்டர்ஸுக்குக் கருணை வேண்டுமென்று கேட்கலாமா? மாமியார் உடைத்தால் மண்கலம், மருமகள் உடைத்தால் பொன்கலம் என்பது எந்த ஊர் நியாயம்?

அன்பர்களே! எதிரணியின் முறையீடு வெல்க என்று வாழ்த்த வேண்டுவதில்லை. அது நேர்மையாய்க் கேட்கப்படுக என்று விரும்பினால் போதும். எதிரிக்கு மறுக்கப்பட்ட செவி, நாளை நமக்கும் மறுக்கப்படும். பிழைப்பின் பொருட்டு எல்லை கடந்து வந்து, அலுவலகந்தோறும் மனுவைக் கையிலேந்தி நின்றவர்கள் இவ்வவையில் பலர் உண்டு. கேட்கப்படுவதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். மைதானத்தில் எதிரணியை வெல்ல முழு மூச்சோடு கூவுவோம். மன்றத்தில் அது பேசும்போது வாய்மூடிக் கேட்போம்.