மாண்டரின் படிக்க ஊர் இருக்கிறது
(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் கண்ணெல்லாம் பரிசு மேசை மேல் இருக்கிறது. அதனால் நான் பல விஷயங்களைப் பேசப் போவதில்லை. ஒன்றே ஒன்றுதான்.

போன வருடக் கடைசியில் ஒரு தாயார் பள்ளி அலுவலகத்துக்கு வந்தார். மகனை மாற்றுவதற்குக் கடிதம் கேட்டார். "தமிழ்ப்பள்ளி மேலே எங்களுக்குக் கோபம் ஒண்ணும் இல்லே சார். நானும் இங்கேதான் படிச்சேன். ஆனா மாண்டரின் தெரிஞ்சாத்தானே சார் வேலை கிடைக்குது? அதான் சீனப்பள்ளியிலே போடப் போறோம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வேலை விளம்பரங்களை நானும் பார்க்கிறேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். இந்த வருடம் நம் ஒன்றாம் ஆண்டில் ஆறே ஆறு பிள்ளைகள்.

அந்தத் தாயாருக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலை இன்று உங்கள் முன் சொல்கிறேன். மாண்டரின் கற்க ஏழு வயதில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதிலும் தொடங்கலாம். சீன நாட்டுக்கே போய்ப் படிக்கலாம். அதற்குப் பெய்ஜிங், ஷாங்ஹாய் என்று பேர்பெற்ற இடங்களைத்தான் தேடிப் போக வேண்டும் என்பதும் இல்லை. அதிகம் பேர் அறியாத பல்கலைக்கழகங்களில் மொழி நன்றாகவே வரும்.

இது எனக்கு எப்படித் தெரியும்? நம் பள்ளியில் ஆறு வருடம் படித்த பெண் ஒருத்தி. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அவள் ஆறாம் படிவம் முடித்தாள், பட்டணத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் கொஞ்சம் சீனம் கற்றாள், தேர்வு எழுதினாள், உபகாரச் சம்பளம் கிடைத்தது. தென்மேற்குச் சீனாவில் குன்மிங் நகரத்துக்கு ஒரு வருடப் படிப்புக்குப் போய் வந்தாள். திரும்பியதும் என்னைப் பார்க்க வந்து, நம் பள்ளி வாங்கில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினாள். அதன் பிறகு நானும் விசாரிக்க ஆரம்பித்தேன்.

அவள் சொன்ன முதல் கதை இது. போய்ச் சேர்ந்த மறுநாள் துணி துவைக்க ஒரு வாளி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். வாளிக்குச் சீனத்தில் என்ன பெயர் என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் கேட்டாள், கடைக்கார அம்மாவுக்குப் புரியவில்லை. கையால் தண்ணீர் மொண்டு காட்டினாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே "தோங்" என்றார். நாம் குப்பைத் தோங் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே ஓசை! "சார், அந்தச் சொல் சாகிற வரைக்கும் மறக்காது" என்றாள்.

அதிகம் பேர் தேடிப் போகாத நகரத்தின் பலன் அதுதான். பெய்ஜிங், ஷாங்ஹாய் போன்ற நகரங்களில் வெளிநாட்டு மாணவர் கூட்டம் அதிகம். அவர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசிப் பொழுதை ஓட்டிவிடலாம். மற்ற நகரங்களில் பஸ்ஸிலும் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் சீனம் பேசினால்தான் காரியம் நடக்கும். வயிறு பசித்தால் வாய் தானாகத் திறக்கும். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பெய்ஜிங்கைவிடக் குறைவு.

"பேர் தெரியாத பல்கலைக்கழகமா, தரம் எப்படியோ?" என்று நீங்கள் கேட்பீர்கள். குன்மிங்கில் உள்ள யுன்னான் ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் சீனாவின் மீது படையெடுத்தபோது பெய்ஜிங், சிங்ஹுவா, நான்காய் ஆகிய மூன்று பெரிய பல்கலைக்கழகங்கள் ஊரைவிட்டு வெளியேறி, 1938-இல் குன்மிங்கில் ஒன்றாகக் கூடிப் பாடம் நடத்தின. 1957-இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற இரண்டு சீன விஞ்ஞானிகளும் அங்கே படித்தவர்கள்தாம். யுத்தம் முடிந்து 1946-இல் மற்றவர்கள் வடக்கே திரும்பினார்கள். ஆசிரியர் கல்லூரி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அதுதான் இன்றைய பல்கலைக்கழகம். நானும் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய ஆசிரியன் ஆகையால், அதைக் கேட்டதும் மனம் நிறைந்தது.

வடகிழக்கே ஹார்பின் நகரில் ஹெய்லோங்ஜியாங் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்கள் பேசும் பேச்சு, புத்தகத்தில் உள்ள மாண்டரினுக்கு நெருக்கமானது. ஆனால் சனவரி மாதக் குளிர் சுழியத்துக்குக் கீழே 20 பாகையையும் தாண்டிப் போகும். அறைக்குள் சூடேற்றும் வசதி உண்டு, பயப்பட வேண்டாம். மலையும் ஆறும் சூழ்ந்த குவேலின் நகரில் 1932-இல் தொடங்கிய குவாங்சி ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. குவேலின், குன்மிங் கடைத்தெருப் பேச்சு வகுப்பில் கேட்கும் மாண்டரினிலிருந்து சற்று மாறும். காது பழகச் சில வாரம் ஆகும்.

தென்கிழக்குக் கரையில் சியாமென் நகரை அடுத்து ஜிமேய் என்று ஓர் ஊர். அங்கேதான் ஹுவாச்சியாவ் பல்கலைக்கழகத்தின் சீன மொழிக் கல்லூரி இருக்கிறது. இந்த ஊர்க் கதையைத் தோட்டத்து மக்கள் அவசியம் கேட்க வேண்டும். ஜிமேயில் பிறந்த டான் கா கீ என்பவர் 1890-இல் பதினாறு வயதில் சிங்கப்பூருக்கு வந்தார். அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும் பொருள் சேர்த்தார். அந்தப் பணத்தில் 1913-இல் தம் ஊரில் பள்ளிக்கூடம் வைத்தார். 1921-இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். ரப்பர் விலை சரிந்து 1934-இல் அவருடைய கம்பெனியே மூடப்பட்டது. ஆனாலும் 1937-இல் அரசாங்கத்திடம் ஒப்படைக்கும் வரை அந்தப் பல்கலைக்கழகத்தை அவர் கைவிடவில்லை. மலாயாவின் ரப்பர் மரத்தை வெட்டியவர்களில் நம் பாட்டன் பாட்டிகளும் உண்டு. ரப்பர்ப் பணம் ஒரு பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் கிளை 2016-இல் சிப்பாங்கிலேயே திறக்கப்பட்டது.

சரி, அங்கே எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? வாரத்துக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வகுப்பு, பெரும்பாலும் காலையில். முதலில் உச்சரிப்பு. பிறகு பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து. செப்டம்பரில் ஒரு பருவம் தொடங்கும். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பின் அடுத்த பருவம். எழுத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். ரோமன் எழுத்தில் ஓசையைக் காட்டும் பின்யின் முறை 1958 முதல் நடப்பில் இருக்கிறது. கற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறார்கள்.

எச்.எஸ்.கே. என்று ஒரு தேர்வு உண்டு. நம் நாட்டிலும் எழுதலாம். ஆறு நிலைகள் கொண்ட திட்டத்தில் முதல் நிலைக்கு 150 சொற்கள், நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள். 2021-இல் ஒன்பது நிலைகள் கொண்ட புதிய அளவுகோலும் வெளிவந்தது. ஆகவே எழுதும்போது எந்தத் திட்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உழைக்கிற பிள்ளை ஒரு வருடத்தில் நான்காம் நிலையை எட்டலாம். பல பல்கலைக்கழகங்கள் சீன மொழிவழிப் பட்டப்படிப்புக்கு நான்காம் அல்லது ஐந்தாம் நிலையைக் கேட்கின்றன.

இப்போது மாணவர்களுக்கு ஒரு செய்தி. சீனத்தில் மனிதனுக்கு 'ழென்' என்று பெயர். அதில் வரும் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருங்கியது. எத்தனையோ நாட்டவர் அதைச் சொல்ல நாக்கு வளையாமல் திண்டாடுகிறார்கள். நம் மாணவிக்கு முதல் நாளே வந்துவிட்டது. "சின்ன வயசிலே வாழைப்பழம் சொல்லச் சொல்லி நீங்க அடிக்கடி திருத்துனீங்களே சார், அதான்" என்றாள். நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில். மூச்சை ஊதிச் சொல்லும் 'ப' ஒன்று, ஊதாமல் சொல்லும் 'ப' ஒன்று. தமிழில் அந்த வேறுபாடு இல்லை. வாய்க்கு முன்னே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, அது ஆடுகிறதா என்று பார்த்துப் பழகினாளாம்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியவையும் உண்டு. மொழிப் படிப்புக்குக் கிடைப்பது சான்றிதழ். அது பட்டம் ஆகாது. பட்டப்படிப்பு என்றால், நம் நாட்டில் அதற்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். 180 நாளுக்கு மேல் படிப்பவர் எக்ஸ் 1 விசா எடுக்க வேண்டும். அங்கே இறங்கி 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றிப் பார்க்க விசா இல்லாமல் போகலாம் என்பதை நம்பிப் படிக்கப் போய்விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனார் ஏஜெண்டு ஒருவரிடம் பணத்தைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் பல்கலைக்கழகத்தைக் கேட்டால், விண்ணப்பமே போய்ச் சேரவில்லை. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு நேரே எழுதுங்கள். சீன அரசாங்க உபகாரச் சம்பளத்துக்குப் பெரும்பாலும் வருடத் தொடக்கத்திலேயே மனுச் செய்ய வேண்டும். சாப்பாட்டு விஷயம் ஒன்று: பன்றி இறைச்சி வேண்டாம் என்று முஸ்லிம் உணவுக்கூடத்துக்குப் போனால், அங்கே மாட்டிறைச்சி நிறைய இருக்கும். மாடு சாப்பிடாத பிள்ளைகள் அதைச் சொல்லும் வாக்கியத்தை முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

பெரியோர்களே, சீனப்பள்ளியில் சேர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கேயும் நல்ல கல்வி உண்டு. நான் சொல்வது இதுதான்: மாண்டரினுக்காக மட்டும் தமிழ்ப்பள்ளியை விட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. மாண்டரினைப் பிறகும் பிடிக்கலாம், அதற்கு ஊர் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, உபகாரச் சம்பளம் இருக்கிறது. விட்டுப்போன தமிழை வளர்ந்த பிறகு போய்ப் பிடிப்பதற்கு நம் பிள்ளைக்கு நேரம் ஏது?

சியாமெனுக்குப் பக்கத்தில் சுவான்சௌ என்ற பழைய துறைமுகம் உண்டு. அங்கே 1956-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 1281-ஆம் ஆண்டு வெட்டியது. அங்கிருந்த சிவன் கோயிலைப் பற்றித் தமிழில் சொல்லி, கடைசி வரியைச் சீனத்தில் முடித்திருக்கிறார்கள். எழுநூறு வருடத்துக்கு முன் கடல் தாண்டிப் போன நம்மவர்கள் சீனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். தமிழை எடுத்துப் போடவில்லை.

அடுத்த வருடம் ஒன்றாம் ஆண்டுக்குப் பெயர் பதியும் நாளில் அந்தக் கல்லை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். அன்று என்னிடம் கடிதம் வாங்கிப் போன தாயாரின் இளைய மகளுக்கு வருகிற வருடம் ஏழு வயது. அந்தத் தாயாரும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அம்மா, அந்தப் பிள்ளைக்கு இங்கே ஒரு நாற்காலி காத்திருக்கிறது.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!