புகையில் விளையும் புரதம்



கரியமில வாயுவை உணவாக்குவது என்றதும் புதுமையாகத் தோன்றலாம். நாம் உண்ணும் சோறும் அந்த வாயுவிலிருந்து வந்ததுதான். நெற்பயிர் அதைக் காற்றிலிருந்து இழுத்து, வெயிலின் துணையால் மாவுச்சத்தாக்குகிறது. அதே வேலையை வயல் இல்லாமல் செய்ய இயலுமா என்பதே இக்கருத்தரங்கின் பொருள்.

இயலும் என்பதற்குப் பின்லாந்தில் சான்று இருக்கிறது. 2017இல் தோன்றிய சோலார் ஃபுட்ஸ் நிறுவனம், ஆண்டுக்கு 160 டன் உற்பத்தித் திறனுள்ள ஆலையை 2024இல் வான்டா நகரில் திறந்தது. அங்கே நீரை மின்சாரத்தால் பகுத்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அதையும் கரியமில வாயுவையும் நொதிகலனுக்குள் செலுத்துகிறார்கள். இயற்கையில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியா, ஹைட்ரஜனிலிருந்து ஆற்றலும் வாயுவிலிருந்து கரிமமும் பெற்றுப் பெருகுகிறது. தழைச்சத்துக்கு அம்மோனியா, கூடவே சிறிது தாது உப்புகள். வடித்து உலர்த்தினால் மஞ்சள் மாவு கிடைக்கிறது. அதில் 65 விழுக்காட்டுக்கு மேல் புரதம். சோலைன் என்னும் அந்த மாவுக்குச் சிங்கப்பூர் 2022இல் அனுமதி தந்தது. 2021இல் சீனத்துத் தியான்ஜின் ஆய்வாளர்கள், 11 முதன்மை வினைகளில் கரியமில வாயுவை மாவுச்சத்தாகவே மாற்றிக் காட்டினார்கள்.

இந்த உழைப்பைப் போற்றுகிறேன். ஆயினும் ஒன்றைத் தெளிவுபடுத்துவது என் கடமை. உண்ட உணவிலுள்ள கரிமம் மூச்சோடு மீண்டும் காற்றுக்கே போகிறது. ஆகவே இது கரியமில வாயுவைப் பூட்டிவைக்கும் வழி அன்று. மெய்யான ஆதாயம் நிலத்திலும் நீரிலும் இருக்கிறது. தீவனச் சோயாவுக்காக அழியும் காடு ஒன்று வயல் வேண்டாத இந்தப் புரதத்தால் பிழைத்தால், அதன் மரங்கள் கரிமத்தை நெடுங்காலம் காக்கும்.

அந்த ஆதாயமும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நிலக்கரியை எரித்து அந்த மின்சாரத்தைப் பெற்றால், உணவில் சேர்ந்த வாயுவைவிடப் பல மடங்கு புகைபோக்கி வழியே வெளியேறிவிடும்.

ஆதலால் கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். வாயு எங்கிருந்து வந்தது, மின்சாரம் எதனால் ஆனது, எவ்வளவு நிலம் விடுபட்டது என்ற மூன்று கணக்கையும் அவையின் முன் வையுங்கள். உடல்நலத்தையும் எண்ண வேண்டும். பாக்டீரியாவில் நியூக்ளிக் அமிலம் மிகுதி; உடலில் அது யூரிக் அமிலமாக மாறும். நாள்தோறும் எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் அறிஞர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். பொருளியலார் விலையைச் சொல்ல வேண்டும். பருப்பு வாங்கவே தயங்கும் வீட்டுக்கு எட்டாத புரதம், எத்தனை தூய்மையாகப் பிறந்தாலும் பசிக்கு விடையாகாது.

பயிரின் பச்சை இலை வெயிலைத் தவிர வேறு எரிபொருள் கேட்பதில்லை. நம் ஆலைகளும் அந்த ஒழுக்கத்துக்கு வர வேண்டும். அதற்கான வழியை உங்கள் ஆய்வுகள் காட்டும் என்ற நம்பிக்கையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.