ஒரு பொத்தானின் வெற்றி



பக்கவாதம் முதுமைக்கே உரிய நோயென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குழந்தைகளையும், ஏன், கருவிலுள்ள சிசுவையும் அது தாக்குவதுண்டு. மூளையின் இடப்பாகத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் வலக்கையும் வலக்காலும் தளர்கின்றன. பிறவி இருதயக் கோளாறும் இதற்கு ஒரு காரணமாகும்.

லோஹேகாவில் விமானத் தளத்தை அடுத்து வாழும் நம்மவர் பலருக்குப் பாட்டியோ அத்தையோ அருகில் இல்லை. அத்தகைய வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், பள்ளிக்கு நேரமாகிறதே என்று தாய் தானே சட்டையை மாட்டிவிடுகிறாள்; தானே ஊட்டிவிடுகிறாள். அன்புதான், ஆயினும் பயன்படாத கையை மூளை மெல்ல மறந்துவிடுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் நல்ல கையைச் சிறிது நேரம் கட்டுப்படுத்தி, தளர்ந்த கையை வேலை வாங்கும் பயிற்சியும் அளிக்கிறார்கள்.

தட்டு நகராமல் அக்கையால் அழுத்திக்கொள்வது, டிபன் பெட்டியைத் திறப்பது, ஒரே ஒரு பொத்தானைப் போடுவது - இவை சிறு செயல்களல்ல. கணிசமான ஊனமுள்ள குழந்தைக்கு, 6 முதல் 18 வயதுவரை, அண்டைப் பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருக்கிறது. பள்ளிக் கதவைச் சட்டம் திறக்கும். பொத்தானைக் குழந்தைதான் போடவேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் முன்னதாக எழுப்புங்கள். அருகில் அமர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.