சீன எழுத்து பிழைத்தது, பாட்டியின் பேச்சு?

(மாணவரணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையிலிருந்து)

தோழர்களே, நவீன சீனான்னு சொன்னதும் நமக்கு புல்லட் ரயிலும் ஷாங்காய் கட்டடங்களும்தான் ஞாபகம் வருது. நான் பேசப்போவது அதைப் பற்றி அல்ல. ஒரு சீனர் தன் செல்போனில் எப்படி எழுதுகிறார் என்பதைப் பற்றி.

நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கே பெரிய விவாதம். ஆயிரக்கணக்கான எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏழைகளுக்கு எப்படிக் கல்வி கொடுப்பது? இந்த எழுத்தே ஒழியட்டும் என்றவர்களில் லூ சுன் போன்ற மாபெரும் எழுத்தாளரும் உண்டு. எழுத்து ஒழியவில்லை. 1956இல் கோடுகளைக் குறைத்து எளிமையாக்கினார்கள். 1958இல் ரோமன் எழுத்தில் ஒலியைக் குறிக்கும் பின்யின் முறை வந்தது. அதில் பெரும்பங்கு சோ யூகுவாங்குக்கு. பொருளாதாரம் படிச்ச மனுஷர்! 111 வயது வரை வாழ்ந்து 2017இல்தான் மறைந்தார்.

கம்ப்யூட்டர் வந்தப்போ, சீன எழுத்து இனி அவ்வளவுதான்னு பேசினாங்க. நடந்ததோ வேற. பின்யினில் ஒலியைத் தட்டினால் சீன எழுத்துகள் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன. வேண்டியதைத் தொட்டால் போதும். பேனாவை எடுத்தாதான் எழுத்து மறந்துபோகுது. அதுக்குன்னே அங்க ஒரு சொலவடை இருக்கு.

ஆனால் பின்யின் எந்தப் பேச்சின் ஒலி? பெய்ஜிங் ஒலியை அடிப்படையாகக் கொண்ட பொதுமொழியின் ஒலி. பள்ளிக்கூடம், டிவி, அலுவலகம் எல்லாம் அதுதான். சிச்சுவானிலிருந்து குவாங்தோங் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர் பக்கத்தில் நிற்பவரோடு பேச முடிகிறதென்றால் அதனால்தான். அந்த நன்மையை நான் மறுக்கலை. ஆனா ஷாங்காயில் பாட்டி ஷாங்காய் பேச்சில் கேட்கிறாள், பேரன் பொதுமொழியில் பதில் சொல்றான். இந்தக் கணக்கையும் எழுதணுமா இல்லையா?

சீன அரசியல் சட்டம் சிறுபான்மைத் தேசிய இனங்களுக்கு மொழி உரிமை தருகிறது. கான்டனீஸ் பேசுவோரில் பெரும்பாலோர் ஹான் இனம். அதனால் கோடிக்கணக்கானோர் பேசினாலும் அது அரசுக்கு வெறும் 'வட்டார வழக்கு'. சட்டம் காக்கும் மொழிக்காவது நிம்மதி உண்டா? 2020இல் உள் மங்கோலியாவில் சில பாடங்களை மங்கோலியத்திலிருந்து பொதுமொழிக்கு மாற்றினார்கள். பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

2010 ஜூலையில் குவாங்சோவில் நடந்ததைப் பாருங்க. ஆசிய விளையாட்டுப் போட்டி வருது, நகரத் தொலைக்காட்சியைப் பொதுமொழிக்கு மாற்றலாம்னு ஒரு யோசனை. போராட்டம் அத்தனை சுலபமில்லாத நாடு அது. ஆனாலும் ஒரு மெட்ரோ நிலைய வாசலில் மக்கள் திரண்டுட்டாங்க. பெரும்பாலும் இளைஞர்கள். செல்போனும் கையுமா வளர்ந்த பிள்ளைங்க, கான்டனீஸிலேயே முழக்கம் போட்டாங்க!